சரவணன் கேட்ட எட்டடி டேபிள்

வடக்குப்பட்டில் சரவணன் வீட்டு மாடி அறையில் டேப்பை விரித்ததுமே இந்த ஆர்டர் தேறாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அகலம் பதினோரு அடி, நீளம் பதினைந்து. அவர் கேட்டிருந்ததோ எட்டடி பூல் டேபிள். கடைக்கு வந்து, கால்களில் பூவேலை செய்த மாடலையே பிடித்திருக்கிறது என்று முடிவும் செய்துவிட்டுப் போயிருந்தார்.

பூல் டேபிள் விற்று, மாட்டி, லெவல் பார்த்துக் கொடுக்கும் வேலையில் எனக்கு இருபத்திரண்டு வருடம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் சொல்வது இதுதான்: டேபிளுக்கு இடம் இருந்தால் போதாது, க்யூவுக்கு இடம் வேண்டும். அடிக்கும் குச்சியே கிட்டத்தட்ட ஐந்தடி. சுற்றிலும் அந்த ஐந்தடி இல்லையென்றால் வாங்கியது டேபிள் இல்லை, துணி மடிக்கும் மேடை. எத்தனையோ வீடுகளில் அப்படிப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன்.

சரவணன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். மனைவி பேச்சியம்மாளுக்குத் திருநெல்வேலிப் பக்கம். செல்போன் கம்பெனி வேலைக்கு வந்து, ஸ்ரீபெரும்புதூரில் லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தவர். அங்கே ஒரு பூல் டேபிள் இருந்ததாம். ஷிப்ட் முடிந்து வந்து ஆடி ஆடி, ஹாஸ்டலில் அவரை ஜெயிக்க ஆளில்லை என்றாகிவிட்டது. கல்யாணமாகி ஆறு வருடமாக க்யூவைத் தொடவில்லை.

"லவ் பண்றப்பவே சொல்லிட்டேண்ணே, வூடு கட்டுனா உனக்கு ஒரு டேபிள் போட்டுத் தருவேன்னு. இந்த ரூமே அதுக்குத்தான் கட்னேன். பெர்சா போடணும்ணே. அவ ஆட்டத்துக்கு சின்னது பத்தாது" என்றார் சரவணன். மனிதரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் பேச்சியம்மாள் பக்கத்தில் வந்தார். "அண்ணாச்சி, ரூம் பத்தாதுன்னு எனக்கும் தெரியும். அவியகிட்ட ஒண்ணும் சொல்லிராதிய. ஆசப்பட்டுக் கட்டுனது. நான் எப்படியும் ஆடிக்கிடுவேன்."

எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அன்று அந்தப் பெண் கேட்ட விதத்தில் சரி என்று தலையாட்டிவிட்டேன். சரவணன் திரும்பி வந்ததும், "எட்டடி வேண்டாம் சார், ஏழடி போட்டுப் பார்ப்போம்" என்று மட்டும் சொன்னேன்.

ஏழடிக்கும் அந்த அறை பத்தாது. ஆனால் அதை நான் சொல்லவில்லை. வழக்கமாகச் செய்கிறபடி, இரண்டு பிளாஸ்டிக் டேபிளைச் சேர்த்துப் போட்டு, அதன் மேல் ஒரு பெட்ஷீட்டை ஏழடி டேபிள் அளவுக்கு மடித்து விரித்தேன். வண்டியிலிருந்து க்யூவை எடுத்து வந்து பேச்சியம்மாளிடம் கொடுத்து, மேலே பந்து இருப்பதாக நினைத்துக்கொண்டு பத்து நிமிடம் ஆடச் சொன்னேன்.

பேச்சியம்மாள் க்யூவைக் கண்ணுக்கு நேரே பிடித்து வளைவு பார்த்தார். இடது கையை ஊன்றிக் குனிந்த விதத்திலேயே எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆனால் அடி மட்டும் அந்தக் குனிவுக்குப் பொருந்தவில்லை. அறையின் நீளவாக்கில் நின்றே ஆடினார். எல்லாமே பட்டும் படாமல் ஒரு தட்டு. பின்னால் சுவரில் இடிக்காத ஷாட்டாகப் பார்த்துப் பொறுக்கி எடுக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

சரவணன் நாள் முழுக்க லைனில் அடுத்தவர் கை அசைவைக் கவனித்தே சம்பளம் வாங்குகிறவர். "இன்னாமா, எல்லாத்தியும் தடவிக்கினே கீற? ஹாஸ்டல்ல இப்டித்தான் ஆடுனியா?" என்று கேட்டார்.

"இது போதும்லா. மெள்ள அடிச்சாலே விழுந்துரும்."

அவர் பெட்ஷீட்டின் ஓரத்தில் விரலை வைத்தார். "பால் இங்க கீது. அந்த மூலைல போடணும். அடி பாக்கலாம்."

அந்தப் பந்தை அடிக்கச் சுவர்ப்பக்கம்தான் நிற்க வேண்டும். பேச்சியம்மாள் சுவரை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்தார். பிறகு ஆட்டக்காரியின் கை தானாகவே பின்னால் போனது. க்யூவின் அடிப்பக்கம் சுவரில் ணங்கென்று இடித்து, புதுப் பெயின்ட் பெயர்ந்து விழுந்தது.

சரவணன் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "தெரிஞ்சேதான் தட்டிகினு இருந்தியா?" என்றார். என் டேப்பை வாங்கிக்கொண்டு விடுவிடுவென்று கீழே இறங்கினார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

ஹால் பதினான்குக்குப் பதினெட்டு. ஏழடி டேபிளுக்கு அமர்க்களமான இடம். நடுவில் பெரிய சோபா செட். அதில் சரவணனின் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, சோபாவ மாடிக்கு ஏத்திடலாம்."

"வர்றவங்க எங்கடா குந்துவாங்க?"

"நின்னுகினு ஆடுவாங்க."

அந்த அம்மா மகனைப் பார்த்தார். மாடிப்படியில் க்யூவைப் பிடித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த மருமகளைப் பார்த்தார். "இதுக்கு இன்னாத்துக்குடி அழுவுற? அதுவும் நல்லதுதான். இந்த முட்டிய வச்சிகினு மாடி ஏறி நீ ஆடுறத நான் எங்க பாக்கறது?"

ஃபிட்டிங் அன்று டேபிளின் ஸ்லேட் கல்லுக்கு லெவல் பார்த்து, அதன் மேல் கிளாத்தை இழுத்து ஒட்டி, பந்துகளை அடுக்கினேன். அடுக்கைக் கலைக்கும் முதல் அடியான பிரேக்கை ஃபிட்டரே அடித்துச் சோதிப்பது எங்கள் வழக்கம். அன்று க்யூவைப் பேச்சியம்மாளிடம் கொடுத்துவிட்டேன். முதல் அடி வழுக்கி, வெள்ளைப் பந்து அடுக்கைத் தொடாமலே உருண்டு போனது.

"கை மறந்துட்டு" என்று சிரித்தார். கண் நிறைந்திருந்தது. சரவணன் வெள்ளைப் பந்தை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். இந்த முறை பேச்சியம்மாள் கையை முழுசாகப் பின்னால் இழுத்து அடித்தார். பதினைந்து பந்துகளும் நாலாபக்கம் சிதறின. அந்த அம்மா கைதட்டினார்.

அந்த வீட்டுக் கதையைச் சொன்னால், பெட்ஷீட் விரித்தே விஷயத்தை வெளியே கொண்டுவந்தேன் என்று எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். இடம் பத்தாது என்று வாய் திறந்து சொல்ல வேண்டியவன் நான், அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் சும்மா நின்றேன். இப்போதெல்லாம் அளந்த உடனேயே சொல்லிவிடுகிறேன். சிலருக்கு முகம் சுருங்கத்தான் செய்கிறது. ஆசையாகச் செய்தவரிடம் குறை சொல்ல, அவரை நேசிக்கிறவர்களுக்கு மனசு வராது. வெளியாள்தான் சொல்ல வேண்டும்.