சந்தனராஜின் முள் அல்லி

என் பெரியப்பா மகன் சந்தனராஜ் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். என்னைவிட மூன்று மாசம் மூத்தவன், அதனால் எங்களுக்குள் 'டா' போட்டுத்தான் பேச்சு. பதினோரு வருஷம் கத்தாரில் ஏசி மெக்கானிக். போன வருஷம் ஆவூருக்குத் திரும்பியவன் சென்ட்டும் சாக்லேட்டும் கொண்டுவரவில்லை. ஈரத்துணியில் சுற்றி இரண்டு கிலோ விதை கொண்டுவந்தான். கறுப்பாக, பட்டாணி அளவில், கல் மாதிரி இருந்தது.

அறையில் கூட இருந்த பீகார்க்காரர் கொடுத்தாராம். கடையில் தாமரை விதை என்று வெள்ளை உருண்டையாக விற்கிறார்களே, அது தாமரையே இல்லையாம், இந்த முள் அல்லியின் விதையை வறுத்துத் தட்டிப் பொரித்ததுதானாம். பீகாரில் விரத நாளில் நெய்யில் வறுத்துத் தின்பார்கள், பாயசம் வைப்பார்கள், புது மாப்பிள்ளை வீட்டுக்குக் கூடை கூடையாக அனுப்புவார்கள். சீனாவில் கஞ்சியில் போடுவார்களாம். சொல்லும்போதே அவன் துள்ளுவான். எனக்குச் சிரிப்பு வரும்.

பண்ணைக்குட்டையில் விதைத்தான். முளைத்தே விட்டது! வண்டிச் சக்கரம் அகலத்துக்கு இலை, மேலும் கீழும் முள். சேற்றில் முங்கி விதை பொறுக்கியதில் கையெல்லாம் கீறல். ஆனாலும் ஒரு சாக்கு தேறியது.

அதற்குள் அவன் மனைவி ரீட்டா மதினிக்குப் பொறுமை போய்விட்டது. கத்தாருக்கு மறுபடி விசா வந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஃப்ளைட்.

"பொரிஞ்சா இங்கிட்டே இருங்க. பொரியலைன்னா பேசாம ஏறிருங்க."

சொன்னவருக்கே அவன் போவது பிடிக்கவில்லை. மகள் ஜெனிபர் பிறந்தபோதும் அவன் இங்கே இல்லை, அவள் சர்ச்சில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கியபோதும் இல்லை.

புதன்கிழமை அடுப்பை மூட்டினான். பீகார்க்காரர் சொன்னபடி ஏற்கெனவே ஒருமுறை வறுத்து, மூன்று நாள் கூடையில் போட்டு வைத்திருந்தான். இது இரண்டாம் வறுவல். அதுவரை சரி. அப்புறம்தான் நம் ஊர் புத்தி குறுக்கே வந்தது. புளியங்கொட்டையை வறுத்தால் ஆறவிட்டுத்தானே இடிப்போம்? இவனும் முறத்தில் கொட்டி, விசிறி, நன்றாக ஆறவைத்துத் தட்டினான். புதன் முழுக்கத் தூள். வியாழனும் தூள்.

"அந்த ஆளுக்கு ஒரு போனப் போட்டுக் கேளேன்டா" என்றேன்.

"வறுத்துத் தட்டத் தெரியாதவனாடா நான்?"

வியாழன் சாயங்காலம், கடைசி ஈடு. மதினி வந்து முறத்தைப் பார்த்தார். வந்த கோபத்தில், சட்டியிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஒரு கரண்டி அள்ளிப் பலகையில் கொட்டினார்.

"இந்தக் கொட்டைக்காகவா முள்ளுல கெடந்தீங்க?" என்று கட்டையால் ஓங்கி ஒரு போடு போட்டார்.

டப்!

கறுப்பு ஓடு தெறித்தது. பலகையில் வெள்ளை வெளேரென்று ஒன்று உட்கார்ந்திருந்தது.

"இன்னொண்ணு அடிங்க மதினி, அடிங்க!" என்று நான்தான் கத்தினேன்.

டப்! டப்! ஒன்று பறந்து வந்து என் நெற்றியில் விழுந்தது. சூட்டோடு அடித்தால்தான் மலரும் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஒரு வருஷம் கேலி பேசிய என் வாய் சுடச்சுட நாலை மென்றது. வெட்கமாகத்தான் இருந்தது, சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து விசா ஏஜென்ட்டின் போன். மதினியே எடுத்தார்.

"அவரு வரலைங்க."

அந்தப் பக்கம் ஏதோ சத்தம் போட்டார்கள்.

"காரணமா? சட்டி அடுப்புல இருக்குங்க. ஆறிப்போச்சுன்னா பொரியாது, வச்சிர்றேன்."

போனை வைத்ததும் மதினிக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக்கூட இல்லை, கட்டையை ஓங்கியபடி புருஷனை அதட்டினார்:

"என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? அள்ளிப் போடுங்க!"