ஊசி போட்டவளும் போடாதவரும்

எங்க ரெண்டு பேர்ல நான்தான் முன்னாடி போவேன்னு எல்லாரும் நெனச்சாங்க. எனக்கு சக்கர இருக்குது, பிரஷர் இருக்குது, நாலு படி ஏறினா மூச்சு வாங்கும். எங்க வூட்டுக்காரரு அப்பிடி இல்ல. பேரணாம்பட்டுல தோல் பதனிடற ஷாப்புல வேல. தண்ணி சொட்டச் சொட்ட எருமத் தோல ஒண்டியா தூக்கித் தோள்ல போட்டுனு போவாரு. காய்ச்சல் தலவலின்னு அவரு படுத்து நான் பாத்ததே இல்ல. அதுல அவருக்குக் கொஞ்சம் திமிரும் இருந்துச்சு.

நான் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில தையல் லைன்ல இருக்கேன். கொரோனா ரெண்டாவது தடவ வந்து ஊரையே வாரினு போச்சே, அது அடங்கினதும் கம்பெனியில கண்டிஷனா சொல்லிட்டாங்க, ஊசி போட்டாத்தான் கேட்டுக்குள்ள வுடுவோம்னு. எனக்கு மட்டும் பயம் இல்லியா இன்னா? லைன்ல இருந்த பொம்பளைங்க அத்தினி பேரும் கைய நீட்டினாங்க, நானும் கண்ண மூடினு நீட்டினேன். வூட்டுக்கு வந்தா ஒடம்பு அனலாக் கொதிக்குது. அவரு மொளகு ரசம் வெச்சுக் குடுத்துட்டுப் பக்கத்துல ஒக்காந்து சிரிச்சாரு. "நல்லா இருந்தவ, கியூவுல நின்னு காய்ச்சல வாங்கினு வந்துட்டியே!" ரெண்டாவது ஊசிக்கும் அதே காய்ச்சல், அதே ரசம், அதே சிரிப்பு.

அவருக்குன்னு ஒரு நெனப்பு இருந்துச்சு. அவருக்கு மட்டும் இல்ல, அந்த ஷாப்புல பாதிப் பேருக்கு அதேதான். பச்சத் தோலு சும்மா கெடந்தா புழு வெக்கும். அதையே சுண்ணாம்புல ஊறப்போட்டு, அப்பறம் குரோம் மருந்து கலந்த தண்ணியில சுத்த வுட்டா, எத்தினி வருஷம் ஆனாலும் அழுகிப்போவாது. "அந்தத் தண்ணியில நான் கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து கையக் கால ஊற வெச்சுனு இருக்கேன்டி. எந்தக் கிருமி என்னைத் தொடும்?"ம்பாரு. கேக்கறவங்களும் ஆமாஞ்சாமி போடுவாங்க. மொத அலையில ஷாப்புல யாருக்கும் பெருசா ஒண்ணும் ஆவல, அது வேற அவங்களுக்குத் தெம்பாப் போச்சு. செத்த தோலுக்கு நடக்கறது உசுரோட இருக்கற மனுஷனுக்கு நடக்குமான்னு ஒருத்தராச்சும் யோசிக்கணுமே. ஊஹூம்.

ஒரு நாளு ஷாப்புக்கே வந்து ஊசி போட்டாங்க. அங்க மேஸ்திரியா இருந்த பாய் நல்ல மனுஷன், ஒவ்வொருத்தரா கையப் புடிச்சு இட்டுனு போனாராம். எங்க வூட்டுக்காரரும் இன்னும் ரெண்டு பேரும் இன்னா பண்ணாங்க தெரியுமா? ஓடாம நின்னுனு இருந்த டிரம்முக்குள்ள ஏறி ஒக்காந்துட்டாங்க. தோலையும் தண்ணியையும் போட்டுச் சுத்தற மர டிரம்மு அது, ஆளு ஒசரத்துக்கு மேல இருக்கும், பக்கத்துல ஒரு சின்னக் கதவு. நர்சுங்க பெட்டிய மூடினு வேன்ல ஏறுற வரைக்கும் உள்ளயே கெடந்திருக்காங்க. வூட்டுக்கு வந்து அதப் பெரிய வீரம் மாதிரி சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாரு. எனக்கு வந்துச்சே கோவம்! "யோவ், ஒனக்கு புத்தி கித்தி இருக்குதா? எவனாச்சும் தெரியாம சுச்சப் போட்டிருந்தா இன்னா ஆயிருப்ப? ஊசிக்குப் பயந்துனு டிரம்முக்குள்ள போவுதாம் ஒரு ஆம்பள!" கரண்டியத் தூக்கிட்டேன். "வுடுடி, அடுத்த தபா போட்டுக்கலாம்"னு நழுவி வாசப்பக்கம் போய்ட்டாரு.

பொங்கல் முடிஞ்சதும் அந்த வியாதி மறுபடியும் வந்துச்சு. எனக்குத் தொண்ட கரகரன்னு ஆரம்பிச்சுது, அதே வாரம் அவரு இருமினாரு. ஷாப்புக்காரங்க வூட்ல இருமல் கேட்டா யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டோம். தோலத் தேய்க்கற மிஷின்லருந்து பறக்கற தூசி நெஞ்சுல போய் ஒக்காந்துக்கும், குளிருக்கு இருமல் ஜாஸ்தியாவும். "தூசிதான்"னாரு, நாங்களும் தூசின்னே நெனச்சோம். வாசன தெரியாமப் போனா உடனே பரிசோதன பண்ணுங்கன்னு டிவியில சொல்லினு இருந்தாங்க. அவரு மூக்கு எப்பவோ செத்துப்போன மூக்கு. ஷாப்பு நாத்தத்துக்கு நடுவுல பொழுதன்னிக்கும் நிக்கறவருக்கு வாசன இருந்தா இன்னா, போனா இன்னா? போனது அவருக்கே தெரியல. நான் காபித்தூள் டப்பாவத் தொறந்து மோந்து பாத்தேன். ஒண்ணுமே வர்ல. பேஜாராப் போய் பரிசோதனைக்கு ஓடினேன், கொரோனாதான்னு வந்துச்சு. அப்பவும் அவரு வர மாட்டேன்னுட்டாரு. தூசிக்கு எதுக்குடி டெஸ்ட்டுன்னு கேட்டாரு.

அப்பறம் ஒரு காலையில பல்லு வெளக்க எழுந்தவரு, தண்ணித் தொட்டிகிட்ட போறதுக்குள்ள செவுத்தப் புடிச்சுனு நின்னுட்டாரு. ஒதடு நீலம் பாரிச்சிருந்துச்சு. அவரு தம்பி, என் கொழுந்தன், ஆட்டோ எடுத்துனு வந்தான். எனக்கும் சக்கர ஏறிக் கெடந்ததால ரெண்டு பேரையும் வேலூர்ல ஒரே ஆஸ்பத்திரியில சேத்தாங்க.

வாசல்லயே கேட்டாங்க, "ஊசி போட்டிருக்கீங்களா?" "ரெண்டும் போட்டாச்சு"ன்னேன் நான். அவரு தரையப் பாத்துனு இல்லன்னு தலைய ஆட்டினாரு. மூச்சு வாங்கறதுக்கு நடுவுல அங்க இருந்த டாக்டரம்மாகிட்ட சொல்றாரு, "என்னை வுடுங்க, அவளப் பாருங்க. அவளுக்கு சக்கர இருக்குது." அப்பவும் என்னைத்தான் நோயாளின்னு நெனச்சுனு இருந்திருக்காரு அந்த மனுஷன்.

என்னை மாடியில பொம்பளைங்க வார்டுல போட்டாங்க. கை காலெல்லாம் முறிச்சுப் போட்டாப்பல வலி, காய்ச்சல், ஆனா மூச்சு மட்டும் தன்னால வந்துனு போயினு இருந்துச்சு. வெரல்ல மாட்டற மிஷினப் பாத்துட்டு நர்சு "பரவால்லக்கா"ன்னுவாங்க. அவரக் கீழ ஐசியுல வெச்சிருந்தாங்க. மொதல்ல மூக்குல ஒயர் மாதிரி ஒண்ணு, அப்பறம் மூஞ்ச மூடற மாஸ்க்கு, அப்பறம் காத்த இறுக்கி அடிக்கற மாஸ்க்கு. குப்புறப் படுக்க வெச்சிருக்காங்கன்னு சொன்னாங்க. அந்த ஒடம்ப யாரு பொரட்டினாங்களோன்னு நெனச்சுக்கினேன்.

கொழுந்தன் போன் பண்ணான். தெருவுல இன்னா பேசினு இருக்காங்கன்னு தயங்கித் தயங்கிச் சொன்னான். ஊசி போட்டவதான் நோய வூட்டுக்குக் கொண்டாந்தாளாம், அதான் அவளுக்கு ஒண்ணும் ஆவலியாம், அவரு மாட்டினாராம். எனக்குப் பத்தினு எரிஞ்சுது. "அப்பிடிப் பேசினவங்கள ஒரு தபா இந்த ஆஸ்பத்திரிக்குள்ள வந்து சுத்திப் பாத்துட்டுப் போவச் சொல்லுடா"ன்னு கத்திட்டு வெச்சுட்டேன்.

பாக்க வந்த டாக்டரம்மா சின்னப் பொண்ணு. அவங்ககிட்டயே கேட்டேன். "ஒரே வூடு, ஒரே சோறு, ஒரே வியாதி. சீக்காளி நானு. அவரு ஏம்மா அப்பிடிக் கெடக்கறாரு?" அவங்க ஒளிக்காம சொன்னாங்க. ஊசி போட்டாலும் நோய் வரலாம், சில பேரு ஆஸ்பத்திரிக்கும் வர வேண்டியிருக்கும். ஆனா ஒடம்புக்கு அந்தக் கிருமிய முன்கூட்டியே தெரியும், நுரையீரலக் கெடுக்க வுடாம சண்ட போடும். "கீழ மோசமாப் படுத்திருக்கறவங்கள்ல ஊசி போடாதவங்கதான்க்கா ஜாஸ்தி"ன்னாங்க. போட்டவங்க எல்லாருமே பொழச்சுக்குவாங்கன்னு அவங்க சொல்லல. பக்கத்து பெட்ல வாலாஜாபேட்டைக்கார அம்மா ஒருத்தங்க, கிட்னி போனவங்க, ரெண்டு ஊசியும் போட்டவங்க. மத்தியானம் என்கூடப் பேசினு இருந்தாங்க, மறுநா காலையில இல்ல. நான் அன்னிக்கு முழுக்கப் போர்வைய இழுத்துப் போத்தினு கெடந்தேன்.

அவருக்கு ரொம்ப மோசம்னு சொன்ன அன்னிக்கு டாக்டரம்மா கையக் கெட்டியாப் புடிச்சுக்கினேன். "என் ஒடம்புல அந்த ஊசியோட சத்து இருக்குது இல்ல? என் ரத்தத்த எடுத்து அவருக்கு ஏத்துங்கம்மா. எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்குங்க." பைத்தியக்காரி மாதிரிதான் கேட்டேன். "அப்பிடி ஏத்தறது இல்லக்கா. அவரு ஒடம்பு தானா கத்துக்கணும், அதுக்கு நாளாவும்"னாங்க. அவங்க போனப்பறம் எனக்கு அவரு மேல வந்த கோவத்துக்கு அளவே இல்ல. பாவி மனுஷா, பாவி மனுஷான்னு தலகாணியில மூஞ்சப் பொதச்சுனு திட்டினேன். திட்டத் திட்ட அழுகதான் வந்துச்சு.

தொண்டையில கொழா போடப் போறோம், அப்பறம் அவரால பேச முடியாது, இப்பவே பேசிடுங்கன்னு நர்சு கீழருந்து போன் போட்டுக் குடுத்தாங்க. போன்ல அவரு மூஞ்சி தெரிஞ்சுது. மாஸ்க்கு அழுத்தி அழுத்திக் கன்னமெல்லாம் தடிச்சிருந்துச்சு. எனக்கு நல்லாயிடுச்சு, நாளைக்கு வூட்டுக்கு அனுப்பறோம்னு அப்பத்தான் சொல்லிட்டுப் போயிருந்தாங்க. அத எப்பிடி அவர்கிட்ட சொல்லுவேன்? "எனக்கும் மூச்சு முட்டுதுயா, எனக்கும் முடியல"ன்னேன்.

அவரு மாஸ்க்க ஒரு வெரலால தூக்கினாரு. "பொய்யி சொல்லாத. நாளைக்கு ஒன்ன வுடறாங்களாமே. நர்சம்மா சொன்னாங்க." மூச்ச இழுத்தாரு, வுட்டாரு, மறுபடியும் இழுத்தாரு. "நல்ல வேள... நீ என் பேச்சக் கேக்கல."

என் பேச்ச நீ ஏன்யா கேக்கலன்னு நாக்கு வரைக்கும் வந்துச்சு. மூச்சுக்குத் தவிக்கற மனுஷன்கிட்ட இன்னான்னு கேப்பேன்? "சரி, கண்ண மூடித் தூங்கு"ன்னேன். அவர்கிட்ட நான் கடசியா பேசினது அதான்.

காலையில என்னை அனுப்பினாங்க. மாத்திரக் கவரக் கையில புடிச்சுனு ஆஸ்பத்திரி வாசல்லயே ஒக்காந்திருந்தேன். சாயங்காலம் அவரத் துணியில சுத்திக் குடுத்தாங்க.