செக்போஸ்ட் வெயிலில் என் படிகங்கள்

எனக்குப் பயம் கொஞ்சம் கூடுதல். காஸ் சிலிண்டரை மூடினேனா என்று பார்க்கப் பாதி வழியிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வருகிற ஆள் நான். பல்லியைக் கண்டால் அலறுவேன். இப்படிப்பட்டவள் ஆசிட் பாட்டில்களுக்கு நடுவில் போய் ஆராய்ச்சி செய்ய வேண்டுமா என்று என் கணவர் கேலி பேசுவார். அந்த வைகாசியில் நான் சென்னைக்குப் போய்வந்த கதையைக் கேட்ட பிறகு அவர் கேலியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

நான் செய்திருந்த பொருள் அதுவரை உலகத்தில் யாரும் செய்யாதது. கேட்கப் பெரிதாக இருக்கும். எங்கள் துறையில் அப்படிப் புதிதாகச் செய்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வெறும் வெள்ளைப் பொடி. அதன் மூலக்கூறில் ஒரு வளையம் உண்டு. வளையத்தில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் அக்கம்பக்கமாக இருக்கும். அந்த வளையத்தோடு நான் இன்னொரு துண்டை ஒட்டவைத்தேன். அது முதல் நைட்ரஜனில் ஒட்டியது என்று எழுதினேன். அதை நம்பி அதன்மேல் இன்னும் பல பொருள்களைச் செய்து, ஆய்வேட்டில் மூன்று அத்தியாயங்களை நிரப்பினேன்.

ஒரு கருத்தரங்கில் இதைப் பற்றிப் பேசி முடித்தபோது பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். தலை நரைத்தவர், இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர். "அது ஏன் ரெண்டாவது நைட்ரஜன்ல ஒட்டியிருக்கக் கூடாது?" என்று கேட்டார். கோபமே இல்லை, காபி சாப்பிட்டீர்களா என்று விசாரிக்கிற குரல். நான் என்னவோ சொல்லிச் சமாளித்து மேடையை விட்டு இறங்கினேன். சரியாகப் பத்து மாதம் சாப்பிட்டேன், தூங்கினேன், வகுப்பெடுத்தேன். அந்தக் கேள்வி மட்டும் உள்ளேயே இருந்தது.

எங்கள் கல்லூரியில் முடிந்த சோதனைகளையெல்லாம் செய்துபார்த்தேன். அவை இந்தப் பக்கமும் தலையாட்டின, அந்தப் பக்கமும் தலையாட்டின. மிச்சம் இருந்தது ஒரே வழி. பொருளைப் படிகமாக வளர்த்து, அதன்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால், ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்று படமே வந்துவிடும். அதற்குமேல் வாதாட இடமில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க எனக்கோ அது கடைசி நீட்டிப்புக் காலம். இரண்டாவது நைட்ரஜன் என்று வந்தால் மூன்று அத்தியாயமும் குப்பை.

படிகம் வளர்ப்பது கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாமல் இருக்கிற வேலை. பொடியை எத்தனாலில், அதாவது சுத்தமான ஸ்பிரிட்டில், கரைத்து, விரல் அளவுக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, வாயைத் தகடால் மூடி, ஊசியால் ஒரு துளை போட்டு, தொடாமல் விட்டுவிட வேண்டும். ஸ்பிரிட் மெல்ல மெல்லப் போகப் போக, பொருள் வரிசை வரிசையாக அடுக்கிக்கொண்டு படிகமாகும். எங்கள் ஆய்வகத்தில் அது நடக்கவில்லை. கரண்ட் போனால் ஏசி நின்றுவிடும். சாலையில் நிலக்கரி லாரி போனால் மேசையே அதிரும். கடைசியில் குப்பியைக் கோட்டுச்சேரியில் எங்கள் வீட்டுக்கே எடுத்துவந்து, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்தேன். கல்யாணத்துக்குக் கட்டிய நாள் முதல் அசையாமல் கிடப்பவை அவைதான்.

அங்கேதான் படிகம் வந்தது. கல் உப்பை விடச் சிறிது, ஆனால் ஒவ்வொன்றும் விளிம்பு கூர்மையாக, கண்ணாடி போலத் தெளிவாக. பீரோ கதவைத் திறந்தபடியே நின்று அழுதேன். அதே மாதிரி இன்னொரு குப்பி வைத்துப் பார்த்தேன், வரவில்லை. இன்னொன்று, அதுவும் இல்லை. ஆக, உலகத்தில் இருந்தது அந்த ஒரு குப்பிதான்.

அதைச் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும். கருவி அங்கே இருந்தது. என் நெறியாளர், நாங்கள் மேடம் என்று கூப்பிடுகிறவர், குப்பியை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வடிகட்டி எடுத்துடாதம்மா. விளைஞ்ச கரைசலோடவே கொண்டு போ. வெளிய எடுத்தா சில படிகம் பொடிஞ்சுடும்." பிறகு கொஞ்சம் யோசித்தார். "ஆமா, பூவத்துக்கு அந்தாண்ட செக்போஸ்ட்ல புடிச்சா என்ன சொல்லுவ?"

காரைக்கால்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊர் யூனியன் பிரதேசம், மது மலிவு. பூவத்து எல்லை தாண்டியதும் தமிழ்நாடு. அங்கே போலீஸ் பஸ்ஸில் ஏறி, பாட்டில் கடத்துகிறார்களா என்று பை பையாகப் பார்க்கும். கல்யாணச் சீர் கொண்டுபோகிறவர்களே பையைத் திறந்து காட்டித்தான் போவார்கள். நான் ஸ்பிரிட் வாசனை அடிக்கிற குப்பியோடு அந்த வழியாகப் போக வேண்டும். மேடம் கல்லூரி முத்திரையோடு ஒரு கடிதம் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டும் எனக்கு முந்தின நாள் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஞ்சு அடைத்த தெர்மாகோல் பெட்டிக்குள் குப்பி, பெட்டி மடியில். பூவம் தாண்டியது. பஸ் நின்றது. ஏறிய காவலருக்கு நாற்பது வயதிருக்கும், நல்ல மீசை. நாலு பைகளை அமுக்கிப் பார்த்தார். என்னிடம் வந்தார். சுற்றிலும் டேப் ஒட்டிய பெட்டியை ஒரு பெண் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"என்னம்மா அதுல?"

"கெமிக்கல் சார். காலேஜ் ஆராய்ச்சி."

திறக்கச் சொன்னார். கடிதத்தை நீட்டினேன், அவர் குப்பியைத்தான் எடுத்தார். மூடியை மோந்து பார்த்தார். பிறகு அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அடியில் கிடந்த படிகங்களைப் பார்த்து, பேதி மருந்தைக் கலக்குவது போல ஒரு குலுக்கு குலுக்கினார்.

"ஆட்டாதீங்க சார்!" என்று கத்தினேன்.

என் குரல் எனக்கே பயமாக இருந்தது. பஸ்ஸில் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். முன்சீட்டில் இருந்தவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தே விட்டார். காவலரின் முகம் மாறியது. "ஏன், வெடிக்குமா?" என்றார். இல்லை என்று நான் சொன்னதை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. குப்பியை உடம்பிலிருந்து எட்டப் பிடித்தபடி கீழே இறங்கினார். செக்போஸ்ட் கொட்டகைக்கு வெளியே கிடந்த பிளாஸ்டிக் மேசையில் வைத்துவிட்டு நாலடி பின்னால் போனார். என்னையும் இறங்கச் சொன்னார்கள்.

மேசை நடுவெயிலில் இருந்தது.

இன்ஸ்பெக்டர் வரட்டும் என்றார்கள். அதுவரை யாரும் தொடக்கூடாது, நானும்தான். மீசைக் காவலர் கொஞ்சம் தள்ளி நின்றே விசாரித்தார். "இப்பல்லாம் இந்த மாதிரி கல்லு கல்லாத்தான் போதைப்பொருள் வருது. இது என்ன பொருள், சொல்லுங்க."

சொன்னேன். நீளமான பெயர், மூச்சு விடாமல் சொன்னேன்.

"இதுதான்னு நிச்சயமா தெரியுமா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சா எதுக்குச் சென்னைக்கு?"

பத்து மாதமாக எல்லாரிடமும் தெரியும் தெரியும் என்றே சொல்லிவந்திருக்கிறேன். அந்த வெயிலில், காக்கிச் சட்டைக்கு முன்னால் சொன்னபோதுதான், அது பொய்யாக இருக்கலாம் என்பது என் காதிலேயே விழுந்தது. "உறுதிப்படுத்த சார்" என்று முனகினேன்.

"கல்லுக்குள்ளயும் ஸ்பிரிட் இருக்கா?"

"இல்ல சார். வெளியில இருக்கறது மட்டுந்தான் ஸ்பிரிட்." இதையும் அடித்துத்தான் சொன்னேன்.

அப்போது குப்பியைப் பார்த்தேன். படிகங்களைச் சுற்றி மெல்லிய கோடுகள் நெளிந்தன. தண்ணீரில் சர்க்கரை கரையும்போது நெளியுமே, அதே கோடுகள். சூடேறிய ஸ்பிரிட் என் படிகங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தது. விளிம்புகள் மழுங்குவது எனக்குத் தெரிந்தது. சிறியது ஒன்று என் கண்ணெதிரே இல்லாமல் போனது.

அதைப் பார்த்தபோது மனதில் ஒன்று வந்தது, அதை நான் சொல்லியே ஆக வேண்டும்: கரையட்டும் என்று தோன்றியது. முழுசாகக் கரைந்துவிட்டால் எந்த நைட்ரஜன் என்று யாரும் சொல்ல முடியாது. தப்பு என் மேல் இல்லை, போலீஸ் மேல். மேடமே என்னைப் பார்த்துப் பாவம் என்பார். என் மூன்று அத்தியாயங்களும் பத்திரமாக இருக்கும். நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை, சும்மா நின்றாலே போதும். அந்த நிம்மதி அவ்வளவு இனிப்பாக இருந்ததுதான் அன்றைக்கு என்னை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது.

சூரியன் எனக்குப் பின்னால், ஒரு பக்கமாக இருந்தது. என் நிழல் மேசைக்குப் பக்கத்தில் தரையில் விழுந்திருந்தது. நான் ஓரடி இடப்பக்கம் நகர்ந்தேன். நிழல் மேசை மேல் ஏறியது.

"எங்க நகர்றீங்க? நில்லுங்க அங்கேயே!"

"தொட மாட்டேன் சார். வெயில்ல கரையுது. நெழலு மட்டும் விழட்டும்."

இன்னும் அரையடி நகர்ந்தேன். என் தலையின் நிழல் குப்பியை மூடியது. அப்படியே நின்றேன். பிடரி எரிந்தது. பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார், கண்டக்டர் திட்டினார், மூக்கு நுனியில் வியர்வை சொட்டியது. துடைக்கக் கையைத் தூக்கினால் நிழல் அசையுமோ என்று தூக்கவில்லை. காவலர் என்னையும் குப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார். மேடம் என்ன சொன்னாரோ, காவலர் பேசியதைவிடக் காதுகொடுத்துக் கேட்டதுதான் அதிகம். "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று வைத்தார்.

"எடுத்துக்கிட்டுப் போங்க. என்னன்னு தெரிஞ்சா எங்களுக்கும் சொல்லுங்க" என்றார். பாதிக் கிண்டல்தான்.

சென்னை போய்ச் சேரும்வரை பெட்டியைத் திறக்கவில்லை. திறந்து பார்க்கிற தைரியம் இல்லை. ஆய்வுக்கூடத்தில் கருவியைப் பார்த்துக்கொள்கிறவர் குப்பியை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, "மூலையெல்லாம் மழுங்கிப் போச்சே, வழியில என்ன பண்ணீங்க?" என்றார். தேடித் தேடிப் பெரியதாக ஒன்றைப் பிடித்தார். எண்ணெயில் தோய்த்து, மெல்லிய வளையத்தில் எடுத்து, குளிர்ந்த வாயு வீசுகிற இடத்தில் பொருத்தினார். நாளைக்கு வாங்க என்றார். சித்தி வீட்டில் தங்கினேன். சித்தி தோசை மேல் தோசையாக வைத்தார். நான் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தேன்.

மறுநாள் கருவிக்காரர் திரையை என் பக்கம் திருப்பினார். மூலக்கூறு நிறம் நிறமான உருண்டைகளாக நின்றது. நீல உருண்டைகள் நைட்ரஜன். என் கண் நேராக அங்கேதான் போனது.

இரண்டாவது.

அவர் மவுஸை அசைத்துப் படத்தைச் சுற்றிக் காட்டினார். எந்தப் பக்கம் திருப்பினாலும் இரண்டாவதுதான். பின்வரிசைக்காரர் கேட்டது சரி. நான் செய்ததாகச் சொன்ன பொருளை நான் செய்யவே இல்லை. "நல்லா வந்திருக்குங்க" என்றார் அவர், என் அத்தியாயங்களைப் பற்றித் தெரியாமல். பிறகு இரண்டு மூலக்கூறுகளுக்கு நடுவே இருந்த சின்ன உருண்டைகளைத் தொட்டுக் காட்டினார். "இங்க பாருங்க, எத்தனால். உள்ளயே உக்காந்துக்கிட்டு ரெண்டையும் புடிச்சு வச்சிருக்கு. வெளிய எடுத்துக் காயவச்சிருந்தீங்கன்னா இது ஓடிப்போய் எல்லாம் மாவாகியிருக்கும்."

ஆக, கல்லுக்குள்ளும் ஸ்பிரிட் இருந்தது. காவலர் கேட்டதில் முக்கியமான கேள்விகள் இரண்டு. இரண்டுக்கும் நான் சொன்னது தப்பு.

ஊர் திரும்புகிற பஸ்ஸில் மேடம் போன் செய்தார். எடுக்கவில்லை. சிதம்பரத்தில் மறுபடி அடித்தார். பஸ் இரைச்சல், கேட்காது, இறங்கிப் பேசிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். என்னவென்று சொல்வது? மூன்று அத்தியாயத்திலும் அவர் பெயரும்தான் இருந்தது. இரண்டு வருடம் என்னை நம்பி உட்கார்ந்து திருத்தியவர். சீர்காழி தாண்டியும் நான் திருப்பிக் கூப்பிடவில்லை.

செக்போஸ்ட்டில் யாரோ இறங்க பஸ் நின்றது. காரைக்காலுக்குள் வருகிற பைகளை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அதே மீசைக்காரர் மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மேசையைக் கொட்டகைக்குள் இழுத்துப் போட்டிருந்தார்கள். குனிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவர் கண்டுகொண்டு, டம்ளரோடு ஜன்னலுக்குக் கீழே வந்துவிட்டார்.

"என்னம்மா, போன காரியம் ஆச்சா? நீங்க சொன்ன பொருள்தானே அது?"

ஆமாம் சார் என்றால் முடிந்தது. அவர் போய் டீயைக் குடிப்பார். பஸ்ஸும் கிளம்பிவிடும். நாக்கு நுனிவரை வந்தது.

"இல்ல சார்," என்றேன். "நான் சொன்னது தப்பு. அது வேற."

அவர் கொஞ்சம் திடுக்கிட்டார். "அப்ப அந்த ஸ்பிரிட்?"

"அதுவும் தப்புதான் சார். கல்லுக்குள்ளயே இருக்கு."

அவர் வாயைத் திறந்து என்னவோ கேட்க வந்தார். பஸ் நகர்ந்துவிட்டது. முதல்முறையாக அதை வாய்விட்டு ஒருவரிடம் சொல்லியிருந்தேன். வானம் இடிந்து விழவில்லை. பயமும் போகவில்லை, அது பாட்டுக்கு வயிற்றில் இருந்தது.

பூவத்துக்குள் நுழையும்போது போன் மறுபடி அடித்தது. மேடம். எடுத்தேன்.