சிவநேசன் அண்ணை சீனாவில் விட்ட சப்பாத்து

இன்று எங்கள் லா சப்பல் கடைத்தெருவின் தேநீர்க் கடையில் சிவநேசன் அண்ணை தன் சீனப் பயணப் படங்களைக் காட்டினார். குவான்சோ என்ற பழைய நகரத்தில் கோயில் கோயிலாக நடந்து பார்த்தாராம். அடுத்த கோடையில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடி போகிறாராம்.

என் மனைவி எதையும் விசாரிக்காமல் எங்கள் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டாள். எனக்கோ அண்ணை போனாரா என்பதே சந்தேகம்.

ஒரு படத்தில் புத்தர் கோயில் தூண். தூணில் செதுக்கிய கண்ணன்!

“அண்ணை, இது மதுரையிலை எடுத்ததோ?”

“விசர்க் கதை கதையாதை. அந்தக் காலத்திலை எங்கட வியாபாரிமார் அங்கை கோயில் கட்டினவை. அது இடிஞ்சாப் பிறகு தூணை இதுக்கை கொண்டந்து வைச்சிருக்கினம்.”

நான் விடவில்லை. படத்தைப் பெரிதாக்கினேன். சுற்றி நின்ற எல்லோரும் சப்பாத்துடன். அண்ணை மட்டும் வெறும் சொக்ஸோடு.

“நீங்கள் மட்டும் ஏன் இப்பிடி?”

அண்ணையின் குரல் இறங்கியது. “கோயில் எண்டு வாசல்லை கழட்டி வைச்சன். அங்கை ஒருத்தரும் கழட்டுறேல்லையாம். திரும்பி வந்து பாத்தா, குப்பையெண்டு நினைச்சு ஆரோ எடுத்திட்டினம்.”

அடுத்த கோயில் படத்தில் அண்ணை பெண்கள் போடும் பூப்போட்ட செருப்போடு நிற்கிறார்.

“வழியிலை அதுதான் கிடைச்சது.”

பொய் சொல்லுகிறவன் தன் மானத்தை இப்படி விற்க மாட்டான். நம்பிவிட்டேன்.

இப்போது வேறு சந்தேகம். கோயில் கட்டிய நம் வியாபாரிகளும் வாசலில் செருப்பைக் கழற்றித்தானே இருப்பார்கள்? அவர்களில் எத்தனை பேர் வெறுங்காலோடு கப்பலேறியிருப்பார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.