தரிசு என்று எழுதினேன்

மலைகளும் ஆறுகளும் கடல்களும் பேராசிரியர்களுக்குப் போய்விட்டன. எனக்கு மிஞ்சியவை விமான நிலையங்கள்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சென்னையில் ஒரு சிறிய பதிப்பகத்தார் மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் போடக் கிளம்பினார்கள். நான்கு தொகுதிகளோடு முடிந்துபோன காரியம். இன்று அந்தப் பதிப்பகமும் இல்லை. அதன் பதிப்பாசிரியர் கல்லூரியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். சங்கரன்கோவிலில் பூகோள வாத்தியாராக இருந்த என்னை நினைவு வைத்துக்கொண்டு கடிதம் எழுதினார். "விமான நிலையங்களை எழுத யாரும் முன்வரவில்லை. தாங்களும் இன்னும் இருவரும் பகிர்ந்துகொண்டால் நல்லது" என்றிருந்தது.

நான் அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. அதற்குப் பிறகும் ஏறவில்லை. விமானத் தளம் என்று நான் பார்த்தது ஒன்றே ஒன்று. அதையும் முள்கம்பி வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். அந்த வேலிக்குள்ளேதான் என் மனைவியின் ஊர் இருந்தது.

அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் என் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். நடந்தது எல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

மூன்று பேரும் மாதிரிக்கு ஒரு கட்டுரை எழுதி அனுப்பினோம். பதிப்பாசிரியர் மூன்றையும் மூவருக்கும் சுற்றுக்கு விட்டார். ஒருவர் பம்பாய்க்குப் போய் வந்தவர். விமான நிலையத்தில் தனக்குக் கிடைத்த டீ ஆறிப்போயிருந்ததைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தார். இன்னொருவர் புராணத்துப் புஷ்பக விமானத்தில் தொடங்கி, கடைசிவரை நிலையத்துக்கு வந்து சேரவே இல்லை. ஒருவர் 'ஓடுதளம்' என்றார், மற்றவர் 'ஓட்டப்பாதை' என்றார், நான் 'ஓடுபாதை' என்றிருந்தேன். ஒரே புத்தகத்தில் இப்படி வந்தால் படிக்கிற பையன் மூன்றும் வேறு வேறு என்று நினைப்பானே என்று எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் உட்கார்ந்து ஒரு திட்டம் எழுதினேன். எல்லா நிலையத்துக்கும் ஒரே வரிசையில் ஏழு தலைப்பு: அமைவிடம், நகரத்திலிருந்து தூரம், கடல்மட்டத்துக்கு மேல் உயரம், ஓடுபாதைகள், கட்டடங்கள், அமைத்தவர், நிலத்தின் முந்தைய நிலை. ஏழாவதை நானாகச் சேர்த்தேன். பூகோளக்காரன் அல்லவா, மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டும் என்று ஆசை. கீழே இரண்டு விதி எழுதினேன். ஒன்று, கலைச்சொல் எல்லாக் கட்டுரையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு, அச்சான ஆதாரத்தில் உள்ளதைத் தவிர எழுதுகிறவர் தாம் கண்டது, கேட்டது எதையும் சேர்க்கக் கூடாது. இரண்டாவதை எழுதும்போது அந்த ஆறிப்போன டீயை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

பதிப்பாசிரியர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். சைக்ளோஸ்டைல் எடுத்து, மற்றப் பகுதிகளை எழுதுகிறவர்களுக்கும் சேர்த்து எல்லாருக்கும் அனுப்பினார். "இத்தகைய ஒழுங்கே நம் பணிக்குத் தேவை" என்று எனக்குத் தனியாக எழுதினார். அந்தக் கடிதத்தைத் தலைமையாசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "என்னவே, ஆகாசத்தையே அளந்துட்டீரு" என்றார். கேலியாகத்தான் சொன்னார். நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மற்ற இருவரும் கோபித்துக்கொண்டு விலகிவிட்டார்கள். பட்டியல் முழுக்க என்னிடம் வந்தது. சென்னையிலிருந்து ரயில் பார்சலில் இங்கிலீஷ் கையேடுகள் வந்தன. பள்ளி விட்டதும் காலி வகுப்பறையிலேயே உட்கார்ந்து எழுதுவேன். தலைப்பு ஏழு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். கராச்சி, கல்கத்தா, கெய்ரோ எல்லாம் ஒரே உயரத்தில் வெட்டிய வேலிச் செடிபோல வரிசையாக நின்றன. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷம்! வகுப்பில் சொல்லிக்கொடுத்ததில் அந்தச் சந்தோஷம் எனக்குக் கிடைத்ததில்லை.

இனி என் மனைவியின் ஊர். திருவேங்கடத்தையும் தாண்டிக் கிழக்கே, எங்கள் தாலுகாவுக்கு அப்பால், கரிசல் காட்டுக்குள் இருந்தது. நாற்பது வீடு இருக்கும். பருத்தியும் கம்பும் போடுவார்கள். ஆட்டுக் கிடை வைத்திருப்பார்கள். எனக்குக் கல்யாணம் ஆனது யுத்த காலத்தில். தலைதீபாவளிக்கு அங்கே போனேன். அடுத்த வருஷம் போவதற்கு ஊர் இல்லை.

ராணுவ விமானங்களுக்குத் தளம் வேண்டும் என்று தமுக்கடித்துச் சொன்னார்களாம். பத்து நாள் கெடு. பருத்தி வெடித்துப் பாதி எடுத்தபடி நின்றது. என் மாமனார் வீட்டு உத்தரத்தையும் கதவையும் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு திருவேங்கடத்துப் பக்கம் ஒரு உறவினர் நிலத்துக்குப் போனார். மற்றவர்கள் புளியங்குடி, ராயகிரி, எங்கெங்கோ பிரிந்தார்கள். யுத்தம் முடிந்ததும் விமானங்கள் போய்விட்டன. நிலம் திரும்பி வரவில்லை. நானும் மனைவியும் ஒரு தடவை போய் வேலியருகே நின்றோம். ஓடுபாதையில் யாரோ மிளகாய் வற்றல் காயப்போட்டிருந்தார்கள். அவள் கையை நீட்டி, "அந்தா, அந்த வத்தலு கெடக்குல்லா, அங்கனதான் எங்க மாட்டுத்தொழு" என்றாள்.

அந்தத் தளம் பட்டியலில் இருந்தது. அதன் பெயர் மூன்றாம் தொகுதிக்கு உரிய எழுத்தில் தொடங்கியது. கையேட்டைத் திறந்தேன். ஆறு தலைப்புக்கும் விவரம் இருந்தது. ஏழாவதற்கும் இருந்தது. நிலத்தின் முந்தைய நிலை: தரிசு.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மனைவி அவரிடம் சொல்லிவிட்டாள். சாப்பிட்டுக் கை கழுவியதும் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மாப்பிளை, நம்ம ஊரைப் பத்தி பொஸ்தகத்துல எழுதுதீயளாமே?"

"விமானத் தளத்தைப் பற்றி, மாமா."

"ரெண்டும் ஒண்ணுதான. ஊரு பேரு வருமா?"

வரும் என்றேன். அந்த நிமிஷத்தில் எனக்கு என் விதி ஞாபகம் வராமல் இல்லை. ஆனாலும் வரும் என்றேன்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். கீழக்கடைசி வீட்டிலிருந்து வரிசையாக, எந்த வீடு யாருடையது, எந்த வீட்டுக்கு எத்தனை கிடை ஆடு, எந்தக் கிணறு உப்பு, எது நல்ல தண்ணீர், எந்தப் புஞ்சையில் பருத்தி முதலில் வெடிக்கும் என்று. நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒரு வீட்டை விட்டுவிட்டார். உள்ளேயிருந்து மனைவி ஞாபகப்படுத்தினாள். "ஆமா ஆமா, நல்லவேளை சொன்னே" என்று அந்த வீட்டையும் சேர்த்தார். எழுந்து போகும்போது, "தப்பில்லாம எழுதுங்க மாப்பிளை. நாளப்பின்ன பிள்ளைக தேடுனா, பாக்கதுக்கு அது ஒண்ணுதான் இருக்கும்" என்றார்.

அவ்வளவையும் எழுத இடமில்லை. ஏழாவது தலைப்பில் ஒரே வாக்கியம் வைத்தேன். இத்தளம் அமைந்த இடத்தில் முன்னர் இன்ன பெயருடைய சிற்றூரும் அதன் பருத்திப் புஞ்சைகளும் இருந்தன என்று. அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. பதிப்பாசிரியர் கோபமாக எழுதவில்லை. என் திட்டத்தின் பிரதி ஒன்றை உடன் வைத்து, இரண்டாவது விதிக்கு அடியில் கோடு போட்டிருந்தார். "தாங்களே வகுத்த விதி. தங்களுக்கு விலக்குக் கொடுத்தால் மற்றவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? அச்சான ஆதாரம் இருந்தால் அனுப்பவும். இல்லையேல் கையேட்டில் உள்ளபடி எழுதவும். அதுவும் இயலாதெனில் இக்கட்டுரையை விட்டுவிடலாம்" என்றிருந்தது.

ஆதாரம் எங்கே கிடைக்கும்? மேய்ச்சல் நிலத்தையும் மானாவாரிப் புஞ்சையையும் எவன் அச்சில் ஏற்றி வைத்திருப்பான்? இரண்டு நாள் திருநெல்வேலிக்குப் போய்ப் பழைய புத்தகங்களைப் புரட்டினேன். பக்கத்து ஊர்கள் இருந்தன. அந்த ஊர் இல்லை.

கட்டுரையை விட்டுவிடலாம் என்று அவரே வழி காட்டியிருந்தார். அதைச் செய்திருக்கலாம். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. நான் ஏன் செய்யவில்லை என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே பல காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன். உண்மை அற்பமானது. பட்டியலில் உள்ள எல்லா நிலையத்தையும் எழுதி முடித்தவன் என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்தது. ஒன்று குறைந்தால் வரிசை கெட்டுவிடும்.

தரிசு என்று எழுதினேன். கையெழுத்துக்கூடக் கோணவில்லை. தபாலில் சேர்த்துவிட்டு வந்து காப்பி குடித்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. மாமனாரிடமும் சொல்லவில்லை. புத்தகம் வெளிவராமலே போகலாம் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. நான் பாடுபட்ட புத்தகம் வெளிவரக் கூடாது என்று நானே வேண்டிக்கொண்ட காலம் அது.

வெளிவந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மூன்றாம் தொகுதி பார்சலில் வந்த செய்தியை மனைவி எப்படியோ தன் அப்பாவுக்குச் சொல்லியனுப்பிவிட்டாள். அடுத்த சனிக்கிழமை பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். வெளுத்த வேட்டி, தோளில் புதுத் துண்டு. ஏதோ நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர் மாதிரி இருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. மகளை ஐந்தாம் வகுப்பு வரை படிக்கவைத்தவர்.

"நீயே படி, தாயி" என்றார்.

நான் பள்ளியில் வேலை இருக்கிறது என்று கிளம்பப் பார்த்தேன். "இருங்க மாப்பிளை, நீங்க எழுதுனத நீங்க இல்லாமலா?" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

அவள் எழுத்துக்கூட்டி நிதானமாகப் படித்தாள். அமைவிடம். தூரம். உயரம். 'ஓடுபாதை' என்ற சொல்லில் ஒரு தரம் திக்கினாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். ஏழாவதுக்கு வந்ததும் அவள் நிறுத்தினாள். மனசுக்குள் படித்துப் பார்த்திருப்பாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"படி" என்றார் அவர்.

"நிலத்தின் முந்தைய நிலை தரிசு" என்று படித்தாள்.

"பொறவு?"

"அவ்வளவுதான்ப்பா. முடிஞ்சிபோச்சு."

அவர் என்னைப் பார்த்து, சண்டைக் குரலில் இல்லாமல், நிஜமாகவே தெரியாமல் கேட்பதுபோலக் கேட்டார்: "தரிசுல பருத்தி எப்படி வெளைஞ்சுது மாப்பிளை?"

கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது, ஆதாரம் இல்லாமல் எழுத விதி இல்லை, எல்லாக் கட்டுரையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றெல்லாம் நான் சொன்னேன். விதியை ஏற்படுத்தியவன் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"நாப்பது வீட்டுக்காரன் சொன்னா ஆதாரம் இல்லியோ?" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மகள் சோறு ஆகிவிட்டது, இருந்து சாப்பிட்டுப் போங்கள் என்று கெஞ்சினாள். "வாரேன் தாயி" என்று நடந்துவிட்டார். பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அந்த வெயிலில் நின்றுதான் ஏறியிருப்பார்.

அவர் போன பிறகு மனைவி எனக்கு இலை போட்டாள். சோற்றை வைத்துவிட்டு எதிரே நின்றாள்.

"தலைதீவாளிக்கு எங்க வீட்டுல ஒக்காந்து கம்பஞ்சோத்த மூணு தடவ கேட்டு வாங்கித் தின்னீயளே. அது எந்தத் தரிசுல வெளைஞ்சது?"

அவள் அதற்குமேல் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை. நான் எழுதும் காகிதம் பறந்து விழுந்தால் முன்பெல்லாம் எடுத்து வைப்பாள். அதற்குப் பிறகு தாண்டிப் போனாள்.

பதிப்பாசிரியருக்கு எழுதினேன். அடுத்த தொகுதியில் பிழைதிருத்தம் போடுகிறார்களே, அதில் இந்த ஒரு சொல்லையாவது எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. நான்காம் தொகுதி வந்தது. அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் இருக்கவும் செய்தது. ஓடுபாதையின் திசை வடகிழக்கு என்பதற்குப் பதில் வடமேற்கு என்று அச்சாகிவிட்டதாம். அதைத் திருத்தியிருந்தார்கள். தரிசு அப்படியே இருந்தது.

பின்னால் ஒரு பள்ளிக்கூடத்துப் பூகோள வழிகாட்டி என் மேஜைக்கு வந்தது. யாரோ ஒருவர் எங்கள் கட்டுரையை எடுத்துப் போட்டிருந்தார். தரிசு நிலம் பயனுள்ளதாக மாற்றப்பட்டதற்கு அந்தத் தளத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருந்தார். ஆதாரம் என்று எங்கள் களஞ்சியத்தின் பெயர் அடியில் இருந்தது. வகுப்பில் அந்தப் பக்கம் வந்தபோது நான் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

மாமனார் அதன்பிறகு எங்கள் வீட்டுப்படி ஏறவில்லை. இரண்டு வருஷம் கழித்து இறந்துபோனார். திருவேங்கடத்துப் பக்கம் அவர் கடைசியாக இருந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியம் நடந்தது. அழைப்புக் கடிதத்தை மனைவியே எழுதி அச்சுக்குக் கொடுத்திருந்தாள். என்னைக் கேட்கவில்லை. அவர் பெயருக்கு மேலே அந்த ஊரின் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருந்தாள். அதைப் பார்த்துத்தானோ என்னவோ, நான் எதிர்பாராத கூட்டம் வந்தது. புளியங்குடியிலிருந்தும் ராயகிரியிலிருந்தும் பழைய ஊர்க்காரர்கள் வந்தார்கள். பலர் பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஒருவரையொருவர் பார்த்திராதவர்கள். சாப்பாடு முடிந்து பந்தலில் உட்கார்ந்து, யார் எங்கே இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருவர், நரைத்த மீசைக்காரர், என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"வாத்தியாரய்யா, நம்ம ஊரு எடத்தப் பத்தி ஒரு பொஸ்தகம் வந்திருக்காம்லா. எம் பேரன் பள்ளிக்கூடத்துல பாத்ததாச் சொன்னான். தரிசுன்னு போட்டிருக்காம். எந்தப் பய எழுதுனான்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

மனைவி அப்போதுதான் காப்பித் தட்டோடு பந்தலுக்குள் வந்தாள். அவர் கேட்டது அவள் காதிலும் விழுந்தது. தட்டைப் பிடித்தபடி நின்றாள்.

"தெரியாது" என்றேன்.

அவள் அவர் கையில் ஒரு தம்ளரைக் கொடுத்தாள். எனக்கும் ஒன்றை எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.