எல்லார் முகத்திலும் ஏறிய கண்ணாடி

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். முடிவெட்டப் போன இடத்திலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் ஓரிரு தரம் தெருவிலேயே நின்றுவிட்டார். மகள் பதறிப்போய், முதியோர் பகல்நேர மையம் ஒன்றில் அவரைச் சேர்த்தாள். அங்கே தலையில் மாட்டும் பெரிய கண்ணாடி ஒன்று இருந்தது. மாட்டினால் கண்முன்னே ஒரு கடை விரியும். பால், சோப்பு, பல்பு என்று சொன்னதையெல்லாம் நினைவில் வைத்து எடுக்க வேண்டும். மூளைக்குப் பயிற்சியாம்.

முதல் நாளே அவருக்குக் குமட்டியது. படத்தால் அல்ல, நாற்றத்தால். கண்ணாடியின் உள்விளிம்பில் முகம் பதியும் பஞ்சில் யார் யாருடைய வியர்வையோ தலைச்சாயமோ ஊறிப் பிசுபிசுத்தது. அதை முகத்தில் அப்பிக்கொண்டு சரியான சோப்பை எடுத்தால், காதுக்குள் ஒரு குரல், "சூப்பர் தாத்தா! சமத்து!" என்று கொஞ்சியது. பொருளை எடுக்கக் கையில் தந்திருந்த கருவியை வீசிவிடலாமா என்றிருந்தது அவருக்கு.

அவருக்கு முன்னால் மாட்டுகிறவர் ஒரு டெய்லர், பக்கவாதத்தில் பேச்சு போனவர். ஒரு நாள் டெய்லரின் கண்ணில் பீளை வழிந்துகொண்டிருந்தது. பயிற்சி தரும் பெண் கண்ணாடியைக் கழற்றி, தன் சட்டைக் கையில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு கிரேன்காரரிடம் நீட்டினாள்.

"என்னம்மா இது? அவர் கண்ணைப் பாரு."

"தொடச்சுட்டேன் தாத்தா. அடம் புடிக்காதீங்க."

மாட்டியும் விட்டாள். கன்னத்தில் வழவழவென்று ஏதோ ஒட்டியது. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

அந்த வாரமே அவருடைய இரண்டு கண்ணும் ஒட்டிக்கொண்டன. வெந்நீரில் பஞ்சை நனைத்து மகள்தான் இமைகளைப் பிரித்தாள்.

"எங்கயாச்சும் கைய வச்சுட்டுக் கண்ணத் தேச்சிருப்பீங்கப்பா."

"நீ என்கூட வா," என்று அவளை மையத்துக்கே அழைத்துப் போனார். கூடத்தில் பாதிப் பேருக்குக் கண் சிவந்திருந்தது. மேனேஜர் சிரித்தபடி வந்தார்.

"கண்ணு வலி எங்க வேணா வரும் சார். நம்ம கண்ணாடி அவ்ளோ சுத்தம்."

"அப்ப ஒரு தரம் நீங்க மாட்டுங்க."

மேனேஜர் அதை இரண்டு விரல் நுனியால் தூக்கினார். செத்த எலியைப் பிடித்தவர் போல முகம் கோணியது. "எனக்கு மீட்டிங் இருக்கு," என்று கீழே வைத்துவிட்டு, கைக்குட்டையில் விரல்களைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார்.

மகள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கப்பா, போலாம்."

கண் ஆறிவிட்டது. மறதி அப்படியே இருக்கிறது. முடிவெட்டப் போனால் இப்போது மகளும் கூடப் போகிறாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் டெய்லர் மட்டும் இன்னும் அந்த மையத்துக்குத்தான் போகிறார். அந்த நினைப்பு வந்தால் கிரேன்காரருக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

"அந்த மனுஷனால வேணாம்னுகூடச் சொல்ல முடியாதேம்மா," என்று தட்டைத் தள்ளிவைத்துவிடுவார்.