பாரிஸில் நான் போட்ட பூச்சியம்

போன செவ்வாய்க்கிழமை. ஐரோப்பாவுக்குக் கடல் தாண்டி இந்தப் பக்கம், புவாண்ட்-கிளேரில் எங்கள் அலுவலக மைக்ரோவேவ் முன்னால் சாப்பாட்டுப் பெட்டியோடு நிற்கிறேன். எனக்குப் பின்னால் கார்த்திக். சென்னையிலிருந்து வந்து எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை.

"அண்ணா, பேக்பேக் மாட்டிக்கிட்டு யூரோப் போனீங்களாமே? லிஸ்பன், பாரிஸ்... ரெண்டுல எது சீப்? அந்த எக்செல் ஷீட்டை எனக்கும் அனுப்புங்களேன்."

ஷீட் இருக்கிறது. அனுப்புவதில்தான் சிக்கல்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கை எவ்வளவு இறுக்கம் என்று தெரியும். ஐரோப்பா யோசனை என் மனைவியுடையது. இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் நாங்கள் விமானம் ஏறியதெல்லாம் கலியாணம், செத்தவீடு, யாரோ ஒரு பிள்ளை தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் விழா. "ஒருக்காலாவது ஒருத்தற்ற வீட்டிலயும் நிக்காமல் சும்மா ஒரு ஊர் பாக்கவேணும்" என்றாள்.

சரி என்று கணக்குப் போட்டேன். லிஸ்பனில் ஹொஸ்டல் கட்டில் ஆளுக்கு இருபத்தாறு யூரோ. சூப்பும் பாணும் ஆறு. பாரிஸில் கட்டில் நாற்பத்தைந்து, கோப்பி விலையே நெஞ்சை அடைக்கும். லிஸ்பன்தான் மலிவு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஆனால் பாரிஸில் என் தங்கச்சி ஜெசி இருக்கிறாள். பாரிஸ் தங்குமிடம் என்ற கட்டத்தில் பூச்சியம் போட்டேன். சாப்பாட்டுக்கும் பூச்சியம். அடுத்த நிமிடம் பாரிஸ் மலிவாகிவிட்டது! இரண்டு ஊரும் போகலாம் — நாலு இரவு லிஸ்பன், நாலு இரவு பாரிஸ்.

"மச்சாள் வீட்டில சாப்பிடுவம். படுக்க ஹொஸ்டல் எடுங்கோ" என்றாள் மனைவி.

"தங்கச்சி இருக்கேக்க ஹொஸ்டலோ? சனம் என்ன சொல்லும்?"

சனம் ஒன்றும் சொல்லியிராது. எனக்கு அந்தப் பூச்சியம் பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான்.

லிஸ்பனில் எட்டுப் பேர் படுக்கும் அறை. இரண்டு மாடிக் கட்டிலில் மனைவி கீழே, நான் மேலே. ஏணியில் ஏறும்போது என் முழங்கால் போட்ட சத்தத்தில் ஒரு ஜெர்மன் பெட்டை விழித்துக்கொண்டாள். மனைவி தெருப் படிக்கட்டில் இருந்து முட்டை டார்ட் சாப்பிட்டாள். மகனுக்கு ஏன் இன்னும் கலியாணம் ஆகவில்லை என்று அங்கே அவளை ஒருவரும் கேட்கவில்லை. அவள் இவ்வளவு சிரித்து நான் கனகாலம் பார்க்கவில்லை.

பிறகு பாரிஸ். ஜெசியும் மச்சானும் விமான நிலையத்துக்கே வந்துவிட்டார்கள். ஐந்தாம் மாடியில் ஒரு ஹோல், ஒரு அறை, ஒரு குசினி. அறை எங்களுக்கு. "நாங்கள் பிள்ளையளோட ஹோலில படுப்பம், அங்க தாராளமா இடம் கிடக்கு" என்றாள். கணவாய்க் கறி, நண்டுக் கறி என்று மேசை நிறைந்தது. மச்சான் மூன்று நாளும் கூடவே வந்து ஊர் காட்டினார். செலவுக் கட்டத்தில் பூச்சியத்துக்குமேல் பூச்சியம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாலாம் நாள் விடிய ஐந்து மணிக்குத் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன். மேசையைத் தூக்கிச் சுவரோடு சாய்த்திருந்தார்கள். அது இருந்த இடத்தில் மச்சான் படுத்திருந்தார். காலை நீட்டினால் ஃபிரிட்ஜ் இடிக்கும், அதனால் முழங்காலை மடக்கியபடி. பக்கத்தில் ஜெசி, துப்புரவு வேலைக்கான சீருடையோடு, தன் போர்வையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன் இஞ்ச படுக்கிறியள்?"

"மெல்லக் கதையுங்கோ அண்ணை. ஹோலில பிள்ளையளுக்கே இடம் காணாது."

"மச்சானுக்கு இண்டைக்கும் லீவோ?"

"சம்பளமில்லாமல் வேலைக்குப் போகாமல் நிண்டிட்டார். நீங்கள் என்ன வருஷா வருஷமோ வாறியள்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் பூச்சியம் போட்ட இடத்தில் இவர்கள் இரண்டு பேரும் முதுகு நோகக் கிடந்திருக்கிறார்கள். மிச்சம் ஒரு இரவுதான், ஹொஸ்டலுக்குப் போகிறோம் என்றேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "போங்கோ. போனால் பேந்து என்னோட கதைக்காதேங்கோ."

போகவில்லை. போனால் நான் காப்பாற்றுவது என் மானத்தை. உடைவது அவள் மனது. அன்றிரவும் அவர்களுடைய கட்டிலிலேயே படுத்தேன். நித்திரைதான் வரவில்லை.

குசினியில் பேசிய அதே காலை, வேலைக்குப் போகுமுன், அவள் எனக்குத் தேத்தண்ணி ஊற்றியபடி கேட்டாள்: "லிஸ்பனில கட்டில் எவ்வளவு?"

"இருபத்தாறு."

"சமைக்கத் தேவையில்லையோ?"

"இல்லை."

"வந்து பதினெட்டு வருஷம். லூர்து மாதா கோயிலுக்குப் போனதைத் தவிர நான் ஒரு இடமும் போகேல்லை அண்ணை." சொல்லிவிட்டு மெட்ரோ பிடிக்க ஓடினாள்.

கார்த்திக்குக்கு வெள்ளிக்கிழமை ஷீட்டை அனுப்பினேன், பூச்சியங்களை அழித்துவிட்டு. அவருக்குப் பாரிஸில் சொந்தக்காரர் யாரும் இல்லை. கொடுத்துவைத்தவர், கணக்கு நேராக வரும். சொந்தம் இருக்கிற ஊரில் செலவு எங்கேயும் போவதில்லை, நமக்குத் தெரியாத இடத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறது.

வசந்தத்துக்கு ஜெசிக்கும் மச்சானுக்கும் சேர்த்து லிஸ்பனில் நாலு கட்டில் எடுக்கப்போகிறேன். ஜெசி வேண்டாம் என்பாள் என்று பயந்துகொண்டுதான் போன் எடுத்தேன். உடனே சரி என்றாள்; பிள்ளைகளை மச்சானின் அக்கா பார்த்துக்கொள்வாராம். ஒரேயொரு நிபந்தனைதான் வைத்தாள்.

"கீழ படுத்தது போதும் அண்ணை. எனக்கு மேல் கட்டில் எடுங்கோ."